இயற்கை மருத்துவத்தில் நோய்த் தோற்றம்

உடலில் தேங்கிய கழிவே நோய்க்குக் காரணம் என்பது இயற்கை மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. காய்ச்சல், சளி, பேதி, கொப்புளம் ஆகியவற்றை அது நோயாகக் கொள்வதில்லை. கழிவை வெளியேற்ற உடல் எடுக்கும் முயற்சிகள் என்றே கொள்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இக்கருத்து சித்த மரபு வழியாகவும் காந்தியம் வழியாகவும் பழக்கமானது. இங்குள்ள பஞ்சாலைகளோ இக்கொள்கை எதுவரை செல்லும் என்பதைக் காட்டுகின்றன.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1883இல் சிகிச்சை நிலையம் தொடங்கிய லூயி கூனே இக்கொள்கைக்கு முழு வடிவம் கொடுத்தவர். நோய்கள் பல அல்ல, ஒன்றே என்றார் அவர். செரிக்காத உணவிலிருந்து உண்டாகும் அந்நியப் பொருள் அடிவயிற்றில் படிந்து, புளித்து, மேலேறி, எந்த உறுப்பில் தங்குகிறதோ அதற்கேற்ற பெயரை நோய் பெறுகிறது என்பது அவர் விளக்கம். முகத்தையும் கழுத்தையும் பார்த்தே படிவின் இடத்தைச் சொல்லிவிடலாம் என்றும் நம்பினார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல்தான் அறிவித்திருந்தார். கிருமியே நோய்க்குக் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றுவந்த அதே காலத்தில், கிருமி வாழ இடம் கொடுத்த உடலைப் பாருங்கள் என்று கூனே எதிர்க்குரல் எழுப்பினார்.

அமெரிக்கரான ஜான் டில்டன் 1926இல் வெளியிட்ட நூலில் நோய் வளர்வதை ஏழு படிகளாக வகுத்தார். மிகை உணவு, தூக்கக் குறைவு, கவலை ஆகியவற்றால் உடலின் ஆற்றல் தளர்வது முதற்படி. அதனால் நச்சு வெளியேறாமல் இரத்தத்தில் தங்குவது இரண்டாம் படி. பிறகு எரிச்சல், அழற்சி, புண், திசு இறுகுதல் என்று முற்றி, இறுதியில் புற்றாகிறது. குடல், சிறுநீரகம், தோல், நுரையீரல் என்னும் கழிவு வாயில்களை அடைக்காமல் வைத்திருந்தால் முதல் படிகளிலேயே உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதால், காய்ச்சலை மாத்திரையால் அடக்குவதை இம்முறையினர் எதிர்க்கிறார்கள்.

தமிழர்களுக்கு இதில் பாதி புதிதல்ல. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற கருத்தைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் முன்னமே கூறியிருக்கிறது. வாதம், பித்தம், கபம் மூன்றும் தம் அளவில் கூடுவதும் குறைவதும் நோய் என்பது சித்த மருத்துவம். வத்திராயிருப்புக்கு அருகே தாணிப்பாறை வழியாக ஏறும் சதுரகிரி, சித்தர்களின் மலையாகவும் மூலிகை மலையாகவும் போற்றப்படுவதால், இப்பேச்சு இவ்வட்டார மக்களின் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. ஆனால் சித்த மருத்துவம் மூலிகையும் உலோகமும் சேர்த்து மருந்து செய்கிறது; இயற்கை மருத்துவமோ எந்த மருந்தும் தருவதில்லை.

காந்தி கூனேயையும் இன்னொரு இயற்கை மருத்துவரான அடோல்ஃப் ஜஸ்டையும் படித்து, மண்பட்டியையும் இடுப்புக் குளியலையும் தம்மிடமும் தம் குடும்பத்தாரிடமும் செய்து பார்த்தவர். 1927 தமிழகப் பயணத்தில் அவர் ராஜபாளையத்துக்கும் வந்தார். பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான பூ. ச. குமாரசுவாமி ராஜா போன்ற காந்தியர்களை உருவாக்கிய ஊர் இது. அதே காந்தி 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சிக்காகப் புனே சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தமிழகத்தில் புதுக்கோட்டை கே. லட்சுமண சர்மா இக்கொள்கையை நூல்களாக எழுதிப் பரப்பினார். ராஜபாளையத்துக்குத் தெற்கே, இதே மலையடிவாரத்தில், சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம் சமைக்காத உணவைச் சிகிச்சை வழியாகக் கொண்டது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

சிகிச்சை முறைகள் எளியவை. மண்பட்டிக்கு, நிலத்தின் மேல்மண்ணை நீக்கி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை வெயிலில் காயவைத்து, சலித்து, நீரில் ஊறவைத்துக் குழைப்பார்கள். துணியில் பரப்பி, வெறும் வயிற்றில், அடிவயிற்றின் மேல் அரை மணி நேரம்வரை வைப்பார்கள். இடுப்புக் குளியலில் கால்களும் மார்பும் தொட்டிக்கு வெளியே இருக்கும். தொப்புள்வரை குளிர்ந்த நீர் நிற்க, ஈரத்துணியால் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவற்றோடு உண்ணாநோன்பும் எனிமாவும் பழ உணவும் சேரும். சில உணவுகளை விலக்கவும் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கித் தந்த பால்கோவாவில் இருப்பவை பாலும் சர்க்கரையும். இரண்டுமே கண்டிப்பான இயற்கை உணவாளர் விலக்குபவை. உடல் பருமனும் சர்க்கரை வியாதியும் பெருகிய காலத்தில் அளவறிந்து உண்ணச் சொல்லும் இயற்கை மருத்துவ அறிவுரையின் மதிப்பு மிகப் பெரியது.

கொள்கையின் பலவீனம் 'கழிவு' என்பதிலேயே இருக்கிறது. எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே தேங்கியது என்று அது அளந்து சொல்வதில்லை. சிறுநீரகம் செயலிழந்தால் யூரியாவும், கீல்வாதத்தில் யூரிக் அமிலமும் உண்மையாகவே தேங்குகின்றன; அவற்றை இரத்தப் பரிசோதனையில் அளக்க முடியும். எல்லா நோய்க்கும் பொதுவான ஒரு கழிவு இதுவரை காட்டப்படவில்லை.

பஞ்சாலைத் தொழிலாளரின் நுரையீரலைத் தாக்கும் பஞ்சுத் தூசி நோய் இக்கொள்கைக்கு நல்ல உரைகல். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து இவ்வட்டாரம் நூற்பாலைகளின் மையமானது. பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங் பகுதியிலும்தான் எந்த நூற்பாலையிலும் தூசி அதிகம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அடுத்த நாள் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் வாரம் முழுதும் நீடித்து, கடைசியில் நுரையீரலின் திறன் நிலையாகக் குறைந்துவிடும். படிப்படியாக முற்றும் என்று இயற்கை மருத்துவம் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் காரணம் உணவில் இல்லை, ஆலையின் காற்றில் இருக்கிறது. தொடக்க நிலையில் உள்ள தொழிலாளி விடுப்பெடுத்து நோன்பிருந்தால் மூச்சு இலகுவாகும். தூசியை விட்டு விலகியதன் பலன் நோன்பின் கணக்கில் சேர்ந்துவிடும். திரும்பவும் அதே கார்டிங் எந்திரத்துக்கு அருகில் நின்றால் இறுக்கமும் திரும்பும். தூசியை உறிஞ்சும் கருவி, முகக் கவசம், வேலைப் பகுதி மாற்றம், ஆண்டுதோறும் நுரையீரல் சோதனை ஆகியவையே இதைத் தடுக்கும். இந்திய சட்டம் இதைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீட்டுக்கும் வழிசெய்திருக்கிறது. தொழிலாளியின் நோய்க்கு அவருடைய சாப்பாட்டையே குற்றம் சொன்னால் இந்த உரிமை மறைந்துபோகும்.

காசநோய் மாத்திரையையும் இன்சுலினையும் 'கழிவு நீக்கம்' முடியும்வரை நிறுத்திவைப்பது உயிருக்கு ஆபத்து. உணவையும் உறக்கத்தையும் இயற்கை மருத்துவம் சொல்கிறபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். எடுத்துவரும் மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். காசநோய்க்கு ஆறு மாத மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.