பூட்டிய இரு கரைகள்

கொச்சியை ஒட்டிய எங்கள் வைப்பின் தீவின் பெயரிலேயே கடலின் கைவேலை இருக்கிறது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்தது, கொச்சி அழிமுகத்தைத் திறந்தது, அள்ளிவந்த மண்ணை இங்கே வைத்துவிட்டுப் போனது என்பார்கள். அந்த ஆண்டிலிருந்து 'புதுவைப்பு' என்று தனியாக ஓர் ஆண்டுக்கணக்கே ஓடியிருக்கிறது. தீவின் வடகோடியான பள்ளிப்புரத்தில் டச்சுக்காரர்கள் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி கட்டி வைத்திருந்தார்கள். நோயாளியைத் தண்ணீருக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கும் யோசனை இந்தக் கரைக்குப் பழையது.

இதே கரையில், வைப்பின் படகுத்துறையிலிருந்து அழிமுகத்தைக் கடந்து ஃபோர்ட் கொச்சியில் இறங்கிக் கடலை ஒட்டியே தெற்கே போனால் செல்லானம் வரும். அங்கிருந்து இன்னும் தெற்கே, திருவனந்தபுரம் நகரத்தின் ஓரத்தில் பூந்துறை. கோவிட் காலத்தில் மக்கள் தனிமைப்படுத்தலை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேரளத்தில் பேச்சு எழுந்தால் பூந்துறையின் பெயர் உடனே வந்துவிடும். செல்லானத்தின் பெயர் வராது. இரண்டும் மீனவர் ஊர்கள். இரண்டிலும் லத்தீன் கத்தோலிக்கர் அதிகம். 2017 நவம்பர் கடைசியில் எழுந்த ஒக்கிப் புயல் இரண்டையும் அடித்தது. 2020 ஜூலையில் ஏறக்குறைய அதே வாரங்களில், அதே சட்டத்தின் கீழ், அதே அரசு இரண்டையும் பூட்டியது. ஓர் ஊர் முரண்டு பிடித்தது, இன்னொன்று அடங்கி இருந்தது என்று கணக்கெழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் பூந்துறை. பக்கத்திலுள்ள குமரிச்சந்தை மீன் சந்தையில் தொற்று பரவத் தொடங்கியது. கோயம்பேட்டை நினைத்துக்கொண்டால் தமிழ்நாட்டு வாசகருக்கு நிலைமை புரியும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபின் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பிய கூலித் தொழிலாளிகள், 'கோயம்பேட்டிலிருந்து வந்தவன்' என்ற ஒரே அடையாளத்தோடு ஊருக்குள் நுழைய வேண்டியிருந்தது. பூந்துறைக்காரருக்கும் அதுதான் நேர்ந்தது. ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் நகரத்தில் 'டிரிபிள் லாக்டவுன்'. ஐந்து நாளில் 600 பேரைச் சோதித்ததில் 119 பேருக்குத் தொற்று என்று 8ஆம் தேதி அரசு சொன்னது. 'சூப்பர் ஸ்பிரெட்' என்ற சொல் அன்றைக்குப் பூந்துறையின் அடைமொழி ஆயிற்று. பூந்துறை, மாணிக்கவிளாகம், புத்தன்பள்ளி என்ற மூன்று வார்டுகளிலும் கெடுபிடி இறுகியது. தமிழ்நாட்டுக் கரைக்குப் படகு போகவும் கூடாது, அங்கிருந்து வரவும் கூடாது. ஊருக்குள் 25 கமாண்டோக்கள் இறங்கினார்கள்.

கமாண்டோ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் இதே கரைகளிலிருந்துதான் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் உள்நாட்டுக்குப் போனார்கள். ஏறத்தாழ 65,000 பேரை அவர்கள் மீட்டார்கள் என்பது அரசே தந்த கணக்கு. கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வர் பினராயி விஜயன் அவர்களைப் புகழ்ந்தார். இரண்டு வருடம் கூட முடியவில்லை, அந்தப் படையின் வீட்டுத் தெருவுக்கு இன்னொரு படை துப்பாக்கியோடு வந்து நின்றது.

ஜூலை 10, வெள்ளிக்கிழமை. நூற்றுக்கணக்கானோர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சாமான் வாங்க வழியில்லை, அக்கம்பக்கத்துக் கடைகளில் பூந்துறைக்காரர் என்றாலே விரட்டுகிறார்கள், கூட்டிக்கொண்டுபோன இடத்தில் நோயாளிகளுக்கு வசதியில்லை, வேண்டுமென்றே ஊர்ப்பெயரைக் கெடுக்கிறார்கள் என்று பல குறைகள் ஒரே மூச்சில் வந்தன. சுகாதாரப் பணியாளர்கள் வந்த வாகனத்தை மறித்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, முகத்துக்கு நேரே இருமினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அப்படிச் செய்திருந்தால் அதற்கு நியாயம் கிடையாது. நோய் பார்க்க வந்தவள் மேல் கோபத்தைக் காட்டுவதில் வீரமும் இல்லை. ஆனால் மறுநாள் முதல் அந்த இருமல் மட்டுமே செய்தியாயிற்று. சாமான் கிடைக்காத கதை கீழே இறங்கிப்போயிற்று. அரசியல் தூண்டுதல் என்றது ஆளும் தரப்பு. எரிச்சலுக்குத் தூண்டுதல் தேவைப்பட்டிருக்குமா என்று அடுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டே நாளில் காட்சி மாறியது. 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே பூந்துறையில் சுகாதாரப் பணியாளர்களைப் பூத்தூவி, கைதட்டி வரவேற்றார்கள். ஊர் திருந்திவிட்டது என்று எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வெள்ளிக்கிழமைக் கோபமும் ஞாயிற்றுக்கிழமைப் பூவும் ஒரே ஆட்களுடையவை; அவர்களிடம் பேசிய விதம்தான் இடையில் மாறியிருந்தது. ரேஷன் அட்டைக்கு இலவச அரிசி என்ற பேச்சு வந்தது, பங்குத்தந்தையர் நடுவில் நின்று பேசினார்கள், ஊர்ப் பிள்ளைகளே தெருத்தெருவாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். நோய் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் வந்துவிட்டது என்று முதல்வர் சொன்னது அதற்குப் பிறகு, 17ஆம் தேதிதான். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோதே எதிர்ப்பு இறங்கிவிட்டது.

செல்லானத்தில் ஜூலை முதல் வாரத்திலேயே மீன்பிடித் துறைமுகத்தை மூடினார்கள். பிறகு பஞ்சாயத்தே கட்டுப்பாட்டு மண்டலம் ஆயிற்று. நகரவாசிக்கு ஜூலையில் துறைமுகம் மூடுவது பெரிய விஷயமாகத் தெரியாது. அதுதான் டிராலிங் தடைக்காலம் ஆயிற்றே என்பார். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் வள்ளக்காரருக்கு அந்த 52 நாளும் அறுவடைக் காலம். கடல் அவர்களுக்கு மட்டும் திறந்திருக்கும், சாளைக்கும் கொழுவாவுக்கும் ஏலத்தில் நல்ல விலை விழும். வைப்பினின் காளமுக்கிலும் முனம்பத்திலும் விசைப்படகுகள் ஓய்ந்து கிடக்க, செல்லானத்து வள்ளங்கள் வருடத்துக்கான சேமிப்பைப் பார்க்கும் வாரங்கள் இவை. பூட்டு விழுந்தது அந்த வாரங்களில். பூந்துறைக்கும் மழைக்காலம்தான் மீன்காலம். இரு கரைகளின் இழப்பும் ஒரே நிறை.

செல்லானத்துக்கு அதோடு விடவில்லை. மாதத்தின் நடுவில் கடல் ஏறியது. அலை தடுப்புக்கல்லைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. மணலும் சேறும் முற்றத்தில் ஏறின. கழிவறைத் தொட்டிகள் நிரம்பிப் பொங்கின. வீட்டை விட்டு வெளியே வராதே என்கிறது சட்டம், வீட்டில் இருக்காதே என்கிறது கடல். நிவாரண முகாம் திறந்தார்கள். முகாம் என்றால் ஒரே மண்டபத்தில் ஐம்பது நூறு பேர், வரிசையில் நின்று சோறு, பொதுக் கழிவறை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு யார் போவார்கள்? பலர் போக மறுத்து, இடுப்பளவு அலைக்கு நடுவே கட்டிலின் மேல் சாமானை ஏற்றி வைத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இதைத்தான் அடக்கம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே இருந்தார்கள் என்பது சரி. ஆனால் அரசு போகச் சொன்ன முகாமுக்குப் போகாததும் ஒரு மறுப்புதானே? பூந்துறை வெளியே வந்து மறுத்தது, செல்லானம் உள்ளே இருந்து மறுத்தது. வெளியே வந்தவர்கள் கேமராவில் விழுந்தார்கள்.

செல்லானத்தின் சண்டை நோய்க்கு முன்பே தொடங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. கடல்சுவர் கேட்டு 2019 அக்டோபரிலேயே அங்கே தொடர் உண்ணாவிரதப் பந்தல் போட்டாயிற்று. கொச்சித் துறைமுகத்தின் கப்பல் கால்வாயை ஓயாமல் ஆழப்படுத்துவதால் மணல் வரத்து அறுந்துவிட்டது என்பது ஊராரின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதனால் கோபத்துக்கு அங்கே ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டு இருந்தது. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று தெரிந்திருந்தது. தனிமைப்படுத்தல் வந்தபோது புதிதாகக் கத்த வேண்டியிருக்கவில்லை. பூந்துறைக்கு அன்று அப்படி ஒரு வாய்க்கால் இல்லை, எல்லாம் ஒரே நாளில் கரையை உடைத்துக்கொண்டு வந்தது.

ஆகஸ்டில் ஒரு சின்ன சம்பவம். செல்லானத்துக்கு அனுப்புவதற்காக அக்கம்பக்கத்து ஊர்களில் சோற்றுப்பொதி சேகரித்தார்கள். கும்பளங்கியிலிருந்து வந்த ஒரு பொதியைத் திறந்தபோது, நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு நூறு ரூபாய்த் தாள். கொடுத்தவரும் ஊரடங்கில் வேலையிழந்த ஒரு பெண்தான் என்று பின்னால் தெரியவந்தது. சோறு வயிற்றுக்கு, தாள் அவரவர் விருப்பத்துக்கு. பூட்டப்பட்டவனுக்கும் கடைக்குப் போய் ஏதோ ஒன்றைத் தானே வாங்கத் தோன்றும் என்பதை எந்த அரசாணையும் யோசித்திருக்கவில்லை, சமையல் தெரிந்த ஒருத்தி யோசித்திருக்கிறாள்.

நம் ஊர்களில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வருவதில்லை, வீட்டார் விசேஷத்துக்குப் போவதில்லை, தாளிப்பு இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை அந்தப் பூட்டு நீடிக்கும். சுகாதாரத் துறை சொல்லும் தனிமைப்படுத்தலுக்கும் இதற்கும் நடைமுறையில் அதிக தூரம் இல்லை. ஆனால் அந்த வீட்டைத் தெரு இழிவாகப் பார்த்ததில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டது. கோயம்புத்தூரின் பிளேக் மாரியம்மன் கோயில்களும் இதே மனத்திலிருந்து எழுந்தவை. கேரளக் கடலோரத்தில் அம்மனின் இடத்தில் புனித செபஸ்தியார் நிற்கிறார். கொள்ளைநோய்க்குக் காவலாக ஐரோப்பாவிலிருந்து வந்த புனிதர் அவர். செல்லானத்திலிருந்து சற்றுத் தெற்கே உள்ள அர்த்துங்கலில் ஜனவரியில் அவருக்குப் பெருவிழா. பல ஊர்களில் அவர் அம்பை வீடுவீடாக எடுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. நோய்க்காலத்தின் நினைவு அங்கே விழாவாகிவிட்டது.

பழையதை மெச்சியே போய்விடவும் முடியாது. பெரியம்மை வந்தவர்களை ஊருக்கு வெளியே கொட்டகையில் போட்டுவிட்டு ஓடியதும் இதே கேரளம்தான். அந்தப் பயத்தை வைத்துக் காக்கநாடன் 'வசூரி' என்று ஒரு நாவலே எழுதினார். ஆனாலும் வேப்பிலையையும் கார்ப்பரேஷன் ஒட்டிய ஸ்டிக்கரையும் ஒரே வாசலில் பார்த்த நமக்கு வித்தியாசம் தெரியும். வேப்பிலையை வீட்டார் செருகினார்கள். ஸ்டிக்கரை வேறு யாரோ ஒட்டினார்கள். 2020 ஜூலையில் பெங்களூரில் இரண்டு அடுக்குமாடி வீடுகளின் வாசலையே தகரம் வைத்து அடைத்துவிட்டு, மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

மண்டபம் முகாமும் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் கப்பலேறும் முன்பு நோய்க்கண்காணிப்பில் அடைபட்டுக் கிடந்த இடம் அது. அவர்களுடைய மறுமொழி அதிகம் பேசப்படவில்லை. 1897இல் புனேயில் பிளேக் தடுப்பு என்று சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்ததற்குக் கிடைத்த மறுமொழி நன்றாகவே பதிவாகியிருக்கிறது: ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் வந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020லும் நாட்டின் கையில் இருந்தது. கேரளம் அதன் மேல் தனக்கென்று ஓர் அவசரச் சட்டமும் போட்டுக்கொண்டது.

செல்லானத்துக்கும் வைப்பின்காரர்களான எங்களுக்கும் நடுவிலுள்ள மட்டாஞ்சேரிப் பக்கத்தில் 2020 மார்ச் மாதமே பூட்டு வந்துவிட்டது. கேரளத்தின் முதல் கோவிட் மரணம், மார்ச் 28இல், அங்கே சுள்ளிக்கல்லைச் சேர்ந்த ஒருவருடையது. துபாயிலிருந்து திரும்பியவர், களமசேரி மருத்துவக் கல்லூரியில் இறந்தார். அவர் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள். மறியல் எதுவும் நடக்கவில்லை. படித்தவர்கள், அதனால் ஒத்துழைத்தார்கள் என்று சொல்வது சுலபம். குளியலறையோடு சேர்ந்த தனி அறை வேண்டும் என்பது வீட்டுத் தனிமைக்கு அரசு வைத்த நிபந்தனை. அடுக்குமாடியில் அது கட்டும்போதே இருக்கிறது. கடலோரத்தில் இரண்டு அறையில் மூன்று தலைமுறை. அந்த நிபந்தனையை எழுதியபோதே, யார் ஒத்துழைப்பார்கள், யார் மீறுவார்கள் என்பது பாதி தீர்மானமாகிவிட்டது.

செல்லானத்தில் பின்னாளில் 344 கோடி ரூபாயில் கடல் தடுப்புத் திட்டம் வந்தது. டெட்ராபாட்களை அடுக்கி எழுப்பிய சுவர் முதல் கட்டத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதற்குப் பின்னாலிருந்த வீடுகளில் மழைக்காலத்தில் கட்டிலின் மேல் சாமான் ஏற்றுவது நின்றது. கடலோ நிற்கவில்லை, சுவர் இல்லாத இடங்களில் தன் வேலையைத் தொடர்ந்தது. வைப்பினின் நாயரம்பலத்திலும் எடவனக்காட்டிலும் வீட்டுக்குள் வந்தது. 2024 ஜூனில் எடவனக்காட்டுக்காரர்கள் தெருவுக்கு வந்து வைப்பின்-முனம்பம் சாலையை மறித்தார்கள். அவர்கள் கேட்டது, செல்லானத்தில் போட்ட அதே டெட்ராபாட்.