பக்கிங்காம் கால்வாய்: கூவம்–அடையாறு இணைப்பு

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீர்வழி. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியே கடற்கரைக்கு இணையாகச் செல்கிறது.

வடக்கே எண்ணூர் நோக்கிய கால்வாயை 1806இல் பாசில் காக்ரேன் என்பவர் தொடங்கினார். 1837இல் அரசு அதை ஏற்றது. பிறகு தெற்கிலும் வடக்கிலும் வழி நீண்டபோதும், பட்டணத்துக்குள் மட்டும் அறுந்து கிடந்தது. தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) பசியால் வாடியவர்களுக்குக் கூலி கொடுத்து அந்த இடைவெளியை வெட்டினார்கள். 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. எலும்பும் தோலுமாக வந்து மண் சுமந்தவர்களின் உழைப்பு அது என்பதை மறக்கக் கூடாது.

வெட்டுவதைவிடக் கடினம், தண்ணீரை நிறுத்துவது. இரண்டு ஆறுகளிலும் கடல் ஏறி இறங்கும்; மழைக்காலத்தில் வெள்ளம் வண்டலோடு பாயும். திறந்தே விட்டால் நீர் வற்றும்போது படகு தரைதட்டும், வெள்ளத்தில் கால்வாய் தூர்ந்துபோகும். அதனால் ஆற்றைச் சந்திக்கும் இடங்களில் ‘லாக்’ எனப்பட்ட இரட்டைக் கதவு மதகுகள் கட்டப்பட்டன. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை மறுபக்க மட்டத்துக்குக் கொண்டுவந்து, முன்கதவைத் திறப்பார்கள். கால்வாயின் உயிர் இந்தக் கதவுகளில்தான் இருந்தது.

உப்பு, விறகு, நெல், கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். 1934இல் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போன பாரதிதாசன், அந்தப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கினார்.

ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. நகரின் கழிவுநீர் சேரச்சேர, படகுத்துறைகள் சாக்கடைக் கரைகளாயின.

பெரிய அடி பின்னால் வந்தது. 1997இல் மயிலாப்பூரை எட்டிய பறக்கும் ரயில், கால்வாய்க்குள்ளேயே தூண்களை ஊன்றியது. திருமயிலை நிலையமே கால்வாய்மேல் நிற்கிறது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைந்தது உண்மைதான், ஆனால் வெள்ளநீர் ஓடும் அகலம் சுருங்கிப்போனது. 2008இல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 4இல், சென்னை சென்ட்ரலிலிருந்து மரக்காணம் வரையிலான 110 கி.மீ. தென்கால்வாயும் அடங்கும். அந்தத் தூண்கள் நிற்கும் பகுதியும் அதற்குள்தான் வருகிறது.