கொயினா மரம் நம் நாட்டிற்கு வந்த வரலாறு

நீலகிரியையும் டார்ஜிலிங்கையும் ஒருங்கே எண்ணுவோர் தேயிலையை எண்ணுவர். நம்மைப் போன்ற இரயில்வேக் குடும்பத்தார் மலை இரயிலை எண்ணுவர். இவ்விரு மலைகளையும் பிணைக்கும் பொருள் வேறொன்றும் உண்டு. அது கசப்பான ஒரு மரப்பட்டை. நம் தாய்நாட்டு மலையிலும், நாம் பிழைக்க வந்து குடியேறியுள்ள இவ்வடவங்கத்து மலையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அரசினரால் நட்டு வளர்க்கப்பட்ட சின்கோனா மரமே அது. அதன் பட்டையிலிருந்து எடுத்த மருந்தைத்தான் நம் பாட்டன் பாட்டியர் ‘கொயினா’ என்று வழங்கினர்.

நம் காலனிப் பிள்ளைகள் சிலர் மருந்தியல் படிப்பில் சேர்ந்துள்ளனர். அவர்தம் பாடநூலில் சின்கோனாவிற்கு ஒன்றிரண்டு பக்கங்கள் உண்டு. தாவரப் பெயர், குடும்பம், பட்டையின் நிறம், அதிலுள்ள ஆல்கலாய்டுகள் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். தேர்வுக்கு அது போதும். அப்பட்டை யார் யார் கைகளின் வழியே நோயாளியின் வாயை அடைந்தது என்பது அப்பக்கங்களில் இராது. அதையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது. சின்கோனா என்றும் பசுமை மாறாத மரம். காப்பிச் செடியும், நம் ஊர் வேலியோரத்து நுணாவும், கோயில் நந்தவனத்து வெட்சியும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்து மணக்கும். விதைகள் மெல்லிய சிறகுடன் பொடி போல் இருக்கும். பட்டையில் குயினைன், குயினிடைன், சின்கோனைன், சின்கோனிடைன் என்னும் நான்கு முதன்மையான ஆல்கலாய்டுகள் உள்ளன. செம்பட்டை இனம் முரட்டுத்தனமாய் வளரும். ஆனால் அதில் குயினைன் குறைவு. லெட்ஜர் இனத்தில் குயினைன் மிகுதி. ஆனால் மரம் வலிமையற்றது. ஆகவே செம்பட்டை மரத்தின் வேர்த்தண்டில் லெட்ஜர் கிளையை ஒட்டுக்கட்டி வளர்ப்பது தோட்டக்காரர் கண்ட வழி.

இம்மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகள். 17ஆம் நூற்றாண்டில் ஏசு சபைத் துறவியர் இப்பட்டையை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். பெரு நாட்டு அரசப் பிரதிநிதியின் மனைவியான சிஞ்சோன் சீமாட்டி இப்பட்டையால் காய்ச்சல் தீர்ந்து அதனை ஐரோப்பாவில் பரப்பினாள் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. அதை நம்பியே லின்னேயஸ் 1742இல் மரத்திற்கு அவள் பெயரைச் சூட்டினார். சூட்டும்போது ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். ஓர் எழுத்துப் பிசகினால் சரக்கு வேறு ஊருக்குப் போய்ச் சேரும் என்பதை நன்கறிந்த நமக்கு இது வியப்பன்று. வியப்பு யாதெனின், அச்சீமாட்டி கதையே உண்மையன்று என்று 1941இல் ஹாகிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஆவணங்களைக் கொண்டு காட்டிய பின்னும் பல நூல்களில் அவள் இன்னும் குணமடைந்துகொண்டே இருக்கிறாள்!

1820இல் பாரிஸ் நகரத்து மருந்தாளர்களான பெல்லெத்தியே, காவெந்து ஆகிய இருவரும் பட்டையினின்று குயினைனைத் தனியே பிரித்தெடுத்தனர். மருந்தியல் மாணவர் இவ்விருவரையும் தம் குல முதல்வராகக் கொள்ளலாம். அதுவரை பட்டைப் பொடியை மதுவில் கலக்கி உத்தேசமாய்க் குடித்துவந்தனர். இனி எடை பார்த்துக் கொடுக்க வழி பிறந்தது. அதனால் தேவையும் பெருகிற்று. ஆண்டிஸ் காட்டு மரங்களோ வெட்டி வீழ்த்தப்பட்டு அருகிவந்தன.

இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர்க்கு அக்காலத்தில் குளிர்காய்ச்சல் பெருந்துயர். படைவீரரும் அலுவலரும் மடிந்தனர். குடிமக்கள் மடிந்த கணக்கைச் சொல்லி முடியாது. எனவே மரத்தையே இங்குக் கொணர முடிவு செய்து, கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரை அனுப்பினர். அவர் 1860இல் பெரு நாட்டில் திரட்டிய நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் ஏறி, பனாமா, இங்கிலாந்து, செங்கடல் வழியாக நெடும்பயணம் செய்து உதகமண்டலம் வந்து சேர்ந்தன. வழியில் வெயிலில் வாடிய அவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. மரத்தை இங்கு நிலைக்கச் செய்தவர்கள் வேறு இருவர். ஈக்வடார் நாட்டுச் சிம்பொராசோ மலைச்சரிவில் செம்பட்டை விதைகளையும் நாற்றுகளையும் சேகரித்தவர் ரிச்சர்டு ஸ்புரூஸ்; நாற்றுகளைப் பத்திரமாய் 1861இல் உதகைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர்.

உதகையில் அவற்றைப் பெற்றுக்கொண்டவர் அரசுத் தோட்டக் கண்காணிப்பாளரான வில்லியம் மக்கைவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மக்கைவர் மரத்தை வெட்டாமலே பட்டை எடுக்க ஒரு முறை கண்டார். பட்டையை நீளவாக்கில் ஒன்று விட்டு ஒன்றாக நாடா போல் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்திவிடுவார். அவ்விடத்தில் புதுப்பட்டை வளரும். அதில் மருந்துச் சத்தும் மிகுந்திருக்கும். கன்றுக்கு விட்டுப் பால் கறப்பது போன்ற இம்முறை நமக்கு எளிதில் விளங்கும்.

இத்தோட்டங்களில் வேலை செய்தோர் யார்? சமவெளியிலிருந்து மலையேறிய கூலியாட்கள் ஒருபுறம். மற்றொருபுறம், மலாய் நாட்டுக் கடற்கரைக் குடியேற்றங்களினின்று சென்னை மாகாணச் சிறைகளுக்கு நாடு கடத்தப்பட்டு வந்த சீனக் கைதிகள். அவர்களை அடைத்து வைத்த சிறைக்கட்டடம் உதகை–கூடலூர்ச் சாலையில் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. விடுதலை பெற்ற சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்டிரை மணந்து தோட்டப் பயிர் செய்து வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார். ஊர்விட்டு ஊர் வந்து குடும்பம் நடத்துவது நமக்கு மட்டும் உரியதன்று.

சென்னை மாகாணம் இவ்வரலாற்றிற்கு அளித்த பெருங்கொடை ஒன்றுண்டு. 1866இல் அமைந்த ஆய்வுக் குழு, குயினைன் ஒன்றுதான் காய்ச்சலைத் தீர்க்குமா, ஏனைய மூன்றும் தீர்க்குமா என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தது. நான்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் பயன் தந்தன. இதன் பொருள் என்ன? தூய குயினைனைப் பிரித்தெடுக்கும் செலவின்றி, மலிவான செம்பட்டையின் கலவைச் சத்தையே ஏழைக்குக் கொடுக்கலாம் என்பதே. ஆயின் நீலகிரிப் பட்டை பெரும்பாலும் இலண்டன் சந்தைக்கு ஏலத்திற்குப் போயிற்று. ஏழைகளுக்காகவே இம்முயற்சி என்று எழுதியவர்களே பட்டை விலை நன்றாய் இருந்தபோது அதை மறந்தனர் என்பது நம் கருத்து.

மலிவு மருந்தைச் செய்துகாட்டியது வங்கம். கல்கத்தாத் தாவரத் தோட்டத் தலைவரான தாமஸ் ஆண்டர்சன் 1862இல் டார்ஜிலிங் பகுதியில் சின்கோனாவை நட்டார். குளிர் மிகுந்த உச்சி ஒத்துவரவில்லை. சற்றுக் கீழே இறங்கி மங்பூவை மையமாகக் கொண்டனர். அங்கு உழைத்தோருள் பெரும்பாலோர் நேபாள மலைமக்கள். 1873இல் அங்கு வந்த வேதியியலார் வுட் என்பவர், எல்லா ஆல்கலாய்டுகளும் கலந்த ‘சின்கோனாக் காய்ச்சல் மருந்தை’ ஆக்கினார். பின்னர் ஜார்ஜ் கிங் காலத்தில் மங்பூவிலேயே குயினைனும் பெருமளவில் செய்யத் தொடங்கினர். 1892இல் வங்க அரசு அதனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, அஞ்சல் நிலையங்களில் பொட்டலம் ஒரு பைசாவிற்கு விற்கச் செய்தது. அக்காலத்துப் பைசா என்பது நம்மவர் சொன்ன காலணா. மருத்துவர் எட்டிப் பாராத சிற்றூருக்கும் தபால்காரர் போனார். காலணா மருந்தும் உடன் போயிற்று. இவ்வரலாற்றிலேயே நமக்கு மிகவும் உவப்பான செய்தி இதுதான்.

அப்பொட்டலம் வங்கத்திற்கு அவ்வளவு தேவைப்பட்டதில் நம் இரயில்வேக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் நன்றன்று. 1860களில் பர்த்துவான் பகுதியில் பரவிய கொடிய காய்ச்சலை ஆராய்ந்த குழுவில் இடம்பெற்ற திகம்பர மித்திரர், சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் போட்ட மண்மேடுகள் இயற்கையான நீரோட்டத்தைத் தடுத்துவிட்டன என்று எடுத்துரைத்தார். 1920களில் வங்கப் பொதுச் சுகாதார இயக்குநரான பெண்ட்லியும் இதே கருத்தை விரிவாக எழுதினார். தேங்கிய நீரில் கொசு பெருகும். கொசு நோயைப் பரப்பும். இந்தப் பின்பாதியை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறியும் முன்பே முன்பாதியை மித்திரர் கண்டுவிட்டார்!

இனி லெட்ஜர் இனத்தின் கதை. சார்லஸ் லெட்ஜர் என்பவர் பெரு, பொலிவியா நாடுகளில் வாணிபம் செய்த ஆங்கிலேயர். அவருடைய பணியாள் மானுவேல் இங்க்ரா மமானி என்னும் பொலிவிய மலைவாசி. பட்டையைக் கண்ட அளவில் மரத்தின் தரத்தைக் கூறும் தேர்ச்சி அவருக்கு இருந்தது. உறைபனியால் ஆண்டுதோறும் விதை கெட, நான்காண்டுகள் காத்திருந்து, சிறந்த மரங்களின் விதையைத் திரட்டி 1865இல் லெட்ஜரிடம் சேர்த்தார். ஆங்கில அரசு அவ்விதையை வாங்க மறுத்தது. டச்சுக்காரர் ஒரு பவுண்டு மட்டும் வாங்கிச் சாவகத்தில் விதைத்தனர். மிஞ்சியது இந்தியாவிலிருந்த ஒரு தோட்டக்காரர்க்குப் போயிற்று. மற்றப் பட்டைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குயினைன் கிடைத்த இடத்தில், இதில் பத்துப் பங்கிற்கு மேலும் கிடைத்தது. சில பத்தாண்டுகளில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு சாவகத்துப் பட்டையினின்றே வந்தது. 1913இல் தோட்டத்தாரும் ஆலையாரும் கூடி விலையையும் தம் கைக்குள் வைத்துக்கொண்டனர். விலைபோகாத நீலகிரிச் சரிவுகள் பலவற்றில் தேயிலை ஏறியது.

மமானி என்ன ஆனார்? மறுமுறை விதை திரட்டச் சென்றபோது, நாட்டின் செல்வத்தை அயலாருக்குக் கொடுக்கிறான் என்று அதிகாரிகள் பிடித்துச் சிறையிலிட்டு அடித்தனர். வெளிவந்த சில நாளில் அவர் இறந்துபோனார். மரத்தின் பெயரில் கதைச் சீமாட்டியும், இனத்தின் பெயரில் எசமானரும் நிற்கின்றனர். மருந்தியல் மாணவர் ‘லெட்ஜரியானா’ என்று எழுதுமிடத்தில் மமானியின் பெயரை ஒருமுறையேனும் மனத்தில் உச்சரிப்பார்களாக.

மருந்து வேலை செய்யும் விதமும் அறியத்தக்கது. மலேரியாக் கிருமி சிவப்பணுவினுள் புகுந்து இரத்தச் சிவப்புப் பொருளைத் தின்னும். தின்றபின் மிஞ்சும் நஞ்சை அது தீங்கற்ற படிகமாய் மாற்றியாக வேண்டும். குயினைன் அதைத் தடுக்கிறது. கிருமி தன் நஞ்சாலேயே மாள்கிறது. ஆனால் கல்லீரலில் உறங்கும் கிருமியை இம்மருந்து தொடுவதில்லை. ஆகவேதான் ஒருவகைக் காய்ச்சல் ‘போன மாதம் தீர்ந்ததே’ என்னும்போதே மீண்டும் வந்து நடுக்கும். அளவு மிஞ்சினால் காது இரையும், பார்வையும் மங்கும். எனவே வேளையும் எடையும் பார்த்தே கொடுத்தனர்.

1942இல் சப்பானியர் சாவகத்தைப் பிடித்தவுடன் உலகம் குயினைனின்றித் தவித்தது. நடுவட்டத்திற்கும் ஆனைமலைக்கும் மங்பூவிற்கும் மீண்டும் மதிப்பு வந்தது. ஆயினும் 1934இல் செருமனியில் ஆக்கப்பட்ட குளோரோகுயின் போருக்குப் பின் எங்கும் பரவிக் குயினைனைப் பின்தள்ளிற்று. விடுதலை பெற்ற வேளையில் நம் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்பது அன்றைய மதிப்பீடு. 1953இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1965இல் நோயாளர் ஓரிலட்சமாய்க் குறைந்தனர். பின்னர் அசட்டை தலைகாட்ட, 1976இல் 64 இலட்சமாயினர். இதற்கிடையே 1973இல் நம் அண்டை மாநிலமாகிய அசாமில் குளோரோகுயினுக்கு மசியாத கிருமி காணப்பட்டது. அப்போது மீண்டும் குயினைனையே தேடினர்.

இன்று முன்னணியில் நிற்பதும் ஒரு செடியின் மருந்தே. நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த சீனத்துச் செடி ஒன்றிலிருந்து, பழைய மருத்துவச் சுவடியைத் துணைக்கொண்டு, தூ யூயூ என்னும் பெண்மணியார் 1970களின் தொடக்கத்தில் ஆர்ட்டிமிசினினைக் கண்டார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். கடுமையான மலேரியாவில் குயினைனின் இடத்தையும் அம்மருந்தின் வழிவந்த ஊசி மருந்தே பெற்றுள்ளது. குயினைன் இன்னும் மாற்று மருந்தாக இருக்கிறது. அதன் உடன்பிறப்பாகிய குயினிடைன் இருதயத் துடிப்பு பிறழ்வுக்குப் பயன்பட்டது.

மங்பூத் தோட்டம் இன்றும் மேற்கு வங்க அரசின் சின்கோனா மற்றும் மூலிகைப் பயிர்த் துறையின் கையில் உள்ளது. அங்குக் குயினைன் அலுவலராய் இருந்தவரின் மனைவி மைத்ரேயி தேவியார்; 1938 முதல் 1940 வரை இரவீந்திரநாத தாகூர் அவர்கள் இல்லத்தில் பலமுறை தங்கினார். அவ்வில்லம் இப்போது தாகூர் நினைவகமாக உள்ளது. முன்பு டீஸ்டாப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறிய இரயில் மங்பூவின் அடிவாரம் வழியே சென்றது. 1950 வெள்ளம் அப்பாதையை அழித்துவிட்டது. இப்போது போக விரும்புவோர் சிலிகுரியிலிருந்து டீஸ்டாக் கரைச் சாலையில் சென்று ரம்பி பஜாரில் திரும்பி மலையேற வேண்டும்.