புகைத்தடைச் சட்டமும் பிழைப்பும்



புகைத்தல் உடலுக்குக் கேடு என்பதை மறுப்பார் இன்று இலர். ஆயினும், அதனைத் தடுக்கச் சட்டம் எழும்போதெல்லாம், "எங்கள் பிழைப்பு என்னாவது?" என்னும் குரலும் உடன் எழுகின்றது. அக்குரலை எள்ளி நகையாடுதல் முறையன்று. ஆராயாது நம்பிவிடுதலும் முறையன்று. நடந்ததை அறிந்து அளவிடுதலே வரலாறு கற்பார் கடன். அதன்பொருட்டு அயர்லாந்துத் தீவிலே நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது மதுச்சாலைகளின் கதை. அயர்லாந்து மதுச்சாலை என்றதும் நம் நாட்டுத் தவறணையை மனத்திற் கொள்ளலாகாது. ஊரார் கூடிப் பேசுவதும், இசை கேட்டு மகிழ்வதும், மரணச் சடங்கு முடிந்து வந்தோர் அமர்ந்து ஆறுதல் பெறுவதும் அங்கேதான். புகையில்லாத மதுச்சாலையை அந்நாட்டார் கனவிலும் கண்டதில்லை. இந்நிலையில், வேலைத்தலங்களிற் புகைத்தலைத் தடைசெய்யப்போவதாக, சுகாதார அமைச்சராயிருந்த மீஹால் மார்ட்டின் 2003ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தார். மதுச்சாலை உரிமையாளர் கொதித்தெழுந்தனர். வாடிக்கையாளர் வாரார், கடைகள் மூடப்படும், பல்லாயிரவர் வேலை இழப்பர் என்றனர். எனினும், 2004ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மீறினோர்க்குத் தண்டம் அன்று 3,000 யூரோ வரை. நாடு முழுவதற்கும் இத்தகைய தடையை முதன்முதல் விதித்தது அயர்லாந்தே.

இச்சட்டம் தொழிலாளரின் நலனை அடிப்படையாகக் கொண்டது என்பதை நாம் கருதுதல் வேண்டும். அருந்த வந்தவன் இரண்டு மணி நேரத்தில் எழுந்து போவான். பரிமாறுபவனோ நள்ளிரவு வரை பிறர் விட்ட புகையைச் சுவாசித்து நிற்பான். ஆதலால், மதுச்சாலைத் தொழிலாளரின் சங்கமே தடையை ஆதரித்தது. டப்ளின் நகரத்து 42 மதுச்சாலைகளிற் பின்னர் அளந்து பார்த்தபோது, காற்றிலிருந்த நுண்துகள்கள் 83 சதவீதம் குறைந்திருந்தன.

வியாபாரம் யாதாயிற்று? மதுச்சாலைகளின் விற்பனை 2004இல் குறைந்தது உண்மையே. ஆனால், சட்டம் வருவதற்கு முன்னரே அது இறங்குமுகமாய் இருந்தது. மதுச்சாலையில் விலை ஏறியதும், மலிவு விலைக்கு வாங்கி வீட்டிலே அருந்தும் வழக்கம் பெருகியதும் அதற்குக் காரணங்களாம். அயர்லாந்துக்கு ஓராண்டு முன்னரே தடைவிதித்த நியூயோர்க் மாநகரில், முதலாண்டு முடிவில் உணவகங்கள், மதுச்சாலைகளின் வரி வருவாய் 8.7 சதவீதம் உயர்ந்ததாகவும், 10,600 வேலைகள் கூடியதாகவும் நகர நிருவாகம் அறிவித்தது. 2001ஆம் ஆண்டுத் தாக்குதலின் பின் அந்நகர் மீண்டெழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே இவ்வுயர்வு சட்டத்தின் பயனே என்று கூறுதல் பொருந்தாது. சட்டத்தால் வியாபாரம் வீழ்ந்துவிடவில்லை என்று மட்டும் கூறலாம்.

இனி இரண்டாவது கதை. வட அயர்லாந்திலே பலிமீனா என்னும் ஊரில், கலஹர் கொம்பனியின் சிகரெட்டு ஆலை ஒன்று இருந்தது. 1857இல் தொடங்கிய பழம்பெரும் கொம்பனி அது. 2007இல் யப்பானியர் கைக்கு மாறியது. 2014ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் புதிய விதிகளை இயற்றியது. பெட்டியின் முன்புறமும் பின்புறமும் 65 சதவீதம் எச்சரிக்கைக்கு உரியதாதல் வேண்டும். 20 சிகரெட்டுக்குக் குறைந்த பெட்டி விற்றலாகாது என்பன அவற்றுட் சில. அவ்வாண்டு ஒக்டோபரில், இவ்விதிகளையும் வரிகளையும் காரணங்காட்டி, ஆலையை மூடப்போவதாகக் கொம்பனி அறிவித்தது. 2017இல் ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 900 பேர் வேலை இழந்தனர். உற்பத்தி கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. கூலி மலிந்த இடத்தை நாடுதல் முதலாளிகளின் இயல்பாதலின், பழி முழுவதையும் விதிகள்மீது சுமத்தலாகாது. ஆயினும், வேலை போனது போனதே.

இவ்விரண்டுக்கும் வேற்றுமை யாது? மதுச்சாலையிற் புகை வந்துபோகும் விருந்தாளி; ஆலையிலோ அதுவே வீட்டுக்காரன். விருந்தாளி வெளியேறினால் வீடு நிலைக்கும். புகைக்குச் செலவிடாத பணம் வேறொரு பொருளை வாங்கும், வேறொருவர்க்கு வேலை தரும் என்பர் பொருளியலார். அது மெய்யே. ஆனால், அந்த வேறொருவர் வேறோர் ஊரில் இருப்பார். ஐம்பது வயதில் இயந்திரத்தை விட்டிறங்கிய பலிமீனாத் தொழிலாளிக்கு அக்கணக்கால் ஆறுதல் இல்லை.

நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களிற் புகைத்தலைத் தடைசெய்தது. அதனாற் தேநீர்க் கடை கெடவில்லை. ஆனால், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே புகையிலைக் கன்றுக்கு இறைத்த தந்தையரின் உழைப்பாலும், சுருட்டுச் சுற்றிய கைகளின் கூலியாலும் படித்து முன்னேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவருட் பலருக்கு நானே பாடஞ் சொல்லியிருக்கின்றேன். நோயைக் குறைக்கும் சட்டம் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், உரத்துக் கூவியோர் மதுச்சாலைக்காரர். உண்மையில் இழந்தோர் ஆலைத் தொழிலாளர். சட்டம் இயற்றுவோர் கூக்குரலை மட்டும் கேளாது, அந்த இலையையே நம்பி வாழ்வோர் யாவர், அவர்க்கு மாற்றுப் பயிரும் மாற்றுத் தொழிலும் யாவை என்பதை முன்கூட்டியே கணக்கிடுதல் வேண்டும். அயர்லாந்துத் தீவு நமக்கு உணர்த்தும் பாடம் அதுவே.