குடகனாறு கண்ட பஞ்சமும் வெள்ளமும்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை அடியோடு கைவிட்டது. வழக்கமாகப் பெய்ய வேண்டியதில் 62 சதவீதம் குறைவு. அதைவிட மோசமான ஆண்டைத் தேடி வானிலைப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் 140 ஆண்டுகள் பின்னே போக வேண்டியிருந்தது. அங்கே கிடைத்தது 1876. அந்த ஆண்டு தொடங்கிய பஞ்சத்துக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர், தாது வருடப் பஞ்சம்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் திண்டுக்கல் சமவெளியில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எந்தக் காலத்திலும் வானத்தை நம்பிப் பிழைத்த ஊர் இது. பாறை மேலே கோட்டை, கீழே செம்மண் காடு, ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. கண்மாய் நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் கிணற்றில் கமலை பூட்டிச் சோளமும் கம்பும் என்பதுதான் இங்கே வெள்ளாமையின் வழக்கம். 1876இல் கண்மாயும் வற்றியது, கிணறும் வற்றியது.

அந்த வறட்சி சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. 1876 முதல் 1878 வரை வட சீனம், வடகிழக்கு பிரேசில், ஆப்பிரிக்காவின் சில பகுதிகள் எல்லாமே சேர்ந்து காய்ந்தன. பசிபிக் கடலில் மிக வலுவான எல் நினோவும் இந்தியப் பெருங்கடலின் வெப்ப ஏற்றத்தாழ்வும் கைகோத்ததே காரணம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடல் எங்கோ சூடேறினால் திண்டுக்கல்லின் குடகனாற்றுக் கரையில் அடுப்பு அணையும் என்பது புதிய செய்தி அல்ல.

சாவுக்கு மழை மட்டும் பொறுப்பா என்றால், இல்லை. 1875இலேயே திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாதை திண்டுக்கல்லைத் தொட்டுவிட்டது. தானியத்தைக் கொண்டுவர வழி இருந்தது. வாங்குவதற்குத்தான் மக்கள் கையில் காசு இல்லை. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நடந்துகொண்டே இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த வளர்ந்த ஆணுக்கு, பஞ்சத்தைக் கவனிக்கப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாள்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். தென்னிந்தியாவில் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். பிழைத்தவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள்.

2016இல் பெய்த மழை ஏறத்தாழ 1876இன் அளவுதான். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் அரசு வறட்சிப் பகுதியாக அறிவித்தது. கருகிய பயிரைப் பார்த்து உயிரைவிட்ட உழவர்கள் உண்டு. அந்தத் துயரத்தை மறைக்கக் கூடாது. ஆனால் ஊர் ஊராகப் பட்டினிச் சாவு நிகழவில்லை, ரேஷன் கடையில் அரிசி இருந்தது. காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கடைசி வரை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே போன தண்ணீர் வைகைக்குத் திரும்பியது. நிலக்கோட்டைப் பக்கம் தவிர்த்தால் திண்டுக்கல்லுக்கு அதில் பங்கில்லை. இந்தச் சமவெளியின் நீரை ஏந்திக்கொள்ளும் குடகனாறு வடக்கே ஓடி, வேடசந்தூரைத் தாண்டி, அமராவதியில் கலக்கிறது. வேடசந்தூருக்கு அப்பால் அழகாபுரியில் அதன் குறுக்கே ஒரு மண் அணை எழுந்தது. அது முடிந்த ஆண்டு 1977. உடைந்ததும் அதே ஆண்டில்தான்.

நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல், உள்நாட்டைக் குறுக்கே கடந்து அடுத்த நாள் அரபிக்கடலுக்குப் போனது. குடகனாறு பொங்கியது. அணைக்கு மதகுகள் ஐந்து. மின்சாரம் போய்விட்டதால் பாதிதான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. கையாலேயே சுற்றித் தூக்க முயன்றார்கள். தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்து மண்ணை அரித்தது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை பல இடங்களில் கரை உடைந்தது. அந்தப் புயலில் தமிழ்நாட்டில் மட்டும் 560 பேர் இறந்தார்கள், 23,000 கால்நடைகள் மடிந்தன.

அணை பின்னர் திரும்பக் கட்டப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயலும் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2024இல் உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் உயர்ந்தது. அந்த உயர்வுக்கு முதன்மைக் காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை. 1876இல் மழை பொய்த்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது முடியும்.

குற்றத்தை யார் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் சொன்ன முக்கியமான விடையில் திண்டுக்கல்லுக்கும் பங்கு உண்டு. இங்குள்ள தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் கூடங்களில், ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல், பின்னர் குரோமிய உப்பில் ஊறத் தொடங்கியது. ஒரு கிலோ தோல் பதப்பட 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அவ்வளவும் கழிவாக வெளியே வந்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களைச் சுற்றிய ஒரு தன்னார்வக் கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணையும் எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டமானது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் தோல் ஷாப் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டும்படி உத்தரவாயிற்று.

கிணற்றுக்குச் சரியான நீதி காற்றுக்கும் சரிதான். 2022இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கில் கூடிய உலக நாடுகள், காலநிலையால் அழியும் ஏழை நாடுகளுக்கென இழப்பு, சேத நிதி ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டன. ஆனால் அது கட்டாயம் இல்லை, பணக்கார நாடுகள் மனமுவந்து தருவது. இங்கே தோல் ஷாப்புக்குப் போட்ட உத்தரவோடு பார்த்தால் அது மிகவும் மெலிந்த ஏற்பாடு.

அந்தப் பணம் வருவதற்கு முன்பே இங்கே செய்ய வேண்டியவை பல உண்டு. 2017இல் அரசு மீண்டும் கையிலெடுத்த குடிமராமத்து, பல கண்மாய்களின் கரையையும் மடையையும் செப்பனிட்டது. வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் செப்பனிட்ட கண்மாய்க்குத் தண்ணீர் வராது. 2022இல் கடவூர், அய்யலூர் பக்கத்துக் குன்றுகளில் 11,806 ஹெக்டேர் காடு தேவாங்கு சரணாலயமானது. அந்தக் காடு நின்றால் மழைநீர் மண்ணில் இறங்கும். ஆத்தூரில் குடகனாற்றின் மேல்மடை ஊர்களுக்கும் கீழே வேடசந்தூர் வரையுள்ள ஊர்களுக்கும் தண்ணீர்ப் பங்கில் பூசல் பல ஆண்டுகளாக ஓடுகிறது. வறண்ட ஆண்டில் யாருக்கு எவ்வளவு, வெள்ளத்தில் எந்த மதகு முதலில் திறக்கும் என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.