குறுந்தட்டுப் பெட்டியும் தேய்ந்த மோட்டாரும்

ஜொகூரில் நம்மவர் இல்லங்களிலும் பள்ளிப் பொருளறைகளிலும் தமிழ்ப் பாடல் குறுந்தட்டுகள் இன்னும் உறங்குகின்றன. இயக்கும் கருவிதான் ஓய்ந்துவிட்டது. "கண் போய்விட்டது" என்று லேசர்மீது பழிபோட்டுக் கருவியைக் குப்பையில் எறிகிறோம். பல வேளைகளில் குற்றவாளி, தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரே என்பேன்.

இதற்கொரு வரலாறு உண்டு. 1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடிஎம்-1 இயங்குபகுதியில், உரசித் தேயும் தூரிகை இல்லாத மோட்டார் இருந்தது. பின்னர் விலை இறங்க இறங்க, தூரிகை வைத்த மலிவு மோட்டார்கள் புகுந்தன. (அந்த மலிவால்தான் கருவி நம் வீட்டுக்கும் வந்தது!)

அதன் பணியோ எளிதன்று. தட்டு உட்புறத்திலிருந்து வாசிக்கப்படுகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 சுற்றில் தொடங்கி, வெளிவிளிம்பை அடைகையில் 200க்குத் தணிய வேண்டும். தூரிகை தேய்ந்தால் தொடக்க வேகம் கிட்டாது, முதற்பாடலே திக்கும்.

மின்னிணைப்பைத் துண்டித்தபின், பழைய மோட்டாரின் அச்சில் தட்டுத்தாங்கி நிற்கும் உயரத்தைக் கழற்றுமுன் அளந்து குறித்துக்கொள்க. புதியதிலும் அதே உயரம் அமையாவிடில், லேசரின் குவியம் தடுமாறும். பழைய பெட்டிகளே உதிரிப் பொருளுக்குச் சுரங்கம். முன்னர் அவற்றைத் தேட, ஜொகூர் பாலங்கடந்தால் சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. ஆதலின், பழுதான பெட்டியை எறியாது வைத்திருங்கள். மற்றொரு பெட்டிக்கு அதன் மோட்டார் உதவும்.