சாவி கொடுத்த கேமராவும் சார்ஜ் ஏற்றிய கேமராவும்

விழா நாள் என்றால் வீடியோ எடுப்பவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பாட்டரி எல்லாம் சார்ஜ் போட்டாச்சா?" என்பதுதான். சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

1895-இல் பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் படம் எடுத்த கேமராவில் பாட்டரி கிடையாது. மனிதக் கைதான் மோட்டார். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள் பதிவாகும். பிறகு சுவர்க் கடிகாரம் போலச் சாவி கொடுக்கும் ஸ்பிரிங் கேமராக்கள் வந்தன. 1935-இல் வெளிவந்த ஸ்விட்சர்லாந்தின் போலெக்ஸ் எச்-16, முழுச் சாவிக்குச் சுமார் அரை நிமிடம் ஓடும். அதற்குள் காட்சியை முடித்தாக வேண்டும்!

1963 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். அதை மிகத் தெளிவாகப் பதிவு செய்தது ஆப்ரகாம் ஜாப்ரூடர் என்ற துணி வியாபாரியின் 8 எம்.எம். ஸ்பிரிங் கேமரா. கேமராவுக்கு முழுச் சாவி கொடுத்திருந்ததாக அவரே சொன்னார். அந்தப் படம் மொத்தமே சுமார் 26 விநாடிதான். ஆனால் ஸ்பிரிங் நடுவில் தளர்ந்திருந்தால், விசாரணைக்குக் கிடைத்த முக்கியமான சாட்சியம் பாதியிலேயே நின்றிருக்கும்.

வீடியோ காலத்தில் கணக்கு மாறியது. 1967-இல் சோனி நிறுவனம் தோளில் மாட்டிக்கொள்ளும் பாட்டரி ரெக்கார்டரை வெளியிட்டது. அதிலும் டேப்பைத் திரும்பச் சுற்றக் கைப்பிடிதான்! ஐந்தே வருஷத்தில், 1972 டிசம்பரில், அப்பல்லோ 17 விண்வெளி வீரர்கள் நிலவிலிருந்து கிளம்பும் காட்சியை அவர்கள் விட்டுவந்த ரோவர் வண்டியின் டி.வி. கேமரா பூமிக்கு அனுப்பியது. ரோவரில் இருந்தவை 36 வோல்ட் வெள்ளி-துத்தநாக பாட்டரிகள் இரண்டு. மறுபடி சார்ஜ் ஏற்ற முடியாதவை. அங்கே யாரிடம் போய் பிளக் பாயிண்ட் கேட்பது? எல்லாவற்றையும் பூமியிலேயே கணக்குப் போட்டு அனுப்பினார்கள்.

பூமியில் செய்திப் படம் எடுத்தவர்கள் நம்பியது நிக்கல்-காட்மியம் பாட்டரியை. 1899-இல் ஸ்வீடன் நாட்டு யுங்னர் கண்டுபிடித்தது. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், 12 வோல்ட் வேண்டுமானால் பத்து செல். கனமோ கனம். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கிவிடும். 1991-இல் சோனி லித்தியம்-அயன் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது முதலில் போய்ச் சேர்ந்த சாதனங்களில் கைக்கு அடக்கமான வீடியோ கேமராவும் ஒன்று. ஒரே செல்லில் 3.6 வோல்ட், எடையும் குறைவு. இந்த வகை பாட்டரிக்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு வளர்ந்த பிறகும் பாதி விழாவில் கேமரா அணைந்துபோவது ஏன்? கணக்குப் போடாததால்தான். தம்பி தங்கைகளே, கணக்கு ரொம்பச் சுலபம். கேமராவும் மானிட்டரும் சேர்ந்து 30 வாட்ஸ் எடுத்தால், 8 மணி நேரத்துக்கு 240 வாட்-ஹவர். பாட்டரி மேல் எழுதியிருப்பதில் 80 சதவீதத்தை மட்டும் நம்புங்கள். அப்போது தேவை 300. 98 வாட்-ஹவர் பாட்டரி மூன்று என்றால் 294தான், போதாது, நான்காக வாங்கிக்கொள்ளுங்கள். (நூறுக்கு உட்பட்டதை விமானத்தில் கையோடு கொண்டுபோவதும் எளிது. உபரி பாட்டரியை செக்-இன் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது.)

பாட்டரிகளில் 1, 2, 3 என்று நம்பர் ஒட்டுங்கள். தீர்ந்ததைத் தனிப் பையில் போடுங்கள். சார்ஜர், உபரி கேபிள், மெமரி கார்டு, மைக்குக்கான சின்ன செல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் முதல் நாள் ராத்திரியே பைக்குள் போயிருக்க வேண்டும். காலையில் தேடினால் கிடைக்காது!

இது வெறும் சாமான் பட்டியல் இல்லை. நம் கூடுதல் விழாக்களில் மேடை ஏறும் ஆசிரியர்களில் பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர்கள் பேசுவதற்கு ரீ-டேக் கிடையாது. அடுத்த சந்திப்பில் அதே குரல் கேட்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரியின் சரித்திரத்தில் பாதி அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அதைப் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்பவர்கள், முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரத்தை சார்ஜருக்குப் பக்கத்தில் செலவிட்டால் போதும்.